நடைக்கணக்கு

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற ரோட்டில்
கோழி போட்டு நட்டப்பட்ட செட்டு ஒன்று.
கம்பெனிக்காரன் குஞ்சு இறக்குவதை நிறுத்தின வருசம்
சென்னியப்பன் நாய்க்கு மாறினார்.
நாமக்கல்லில் எடைக்குப் போட்ட முட்டைக்கோழிக் கூண்டுகளை
வாங்கி வந்து, நடுத்தடுப்பை அறுத்துவிட்டு,
ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டை.
கழுத்தில் நைலான் கயிறு, தகரத்தில் நம்பர்.
பேர் கிடையாது.

நான் டெம்போக்காரன்.
வெள்ளிக்கிழமை விடியக்காலம்
பன் அடுக்குகிற தட்டுகளில் குட்டிகள்.
கோயமுத்தூர் கடைக்கு நடை தொள்ளாயிரம்.
சூலூர் தாண்டும்வரை முனகும்.
பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கேட்காது.
கூட்டி வைத்திருக்கிறேன்.

ஒருதரம் சிங்காநல்லூர் சிக்னலில் திரும்பிப் பார்த்தேன்.
மூன்றாவது தட்டில் ஒன்று அசையவில்லை.
போன் பண்ணினேன்.
"அதுக்கென்ன இப்போ,
கணக்குல கழிச்சுப்போடலாம்" என்றார்.
கழித்தோம்.

கடையில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குட்டி துள்ளும்,
கழுத்தில் சிவப்பு ரிப்பன்.
பொறந்தநாள் பாப்பா கைதட்டும்.
அப்பாக்காரர் பன்னிரண்டாயிரத்தை எண்ணிக் கொடுப்பார்.
நல்ல மனுசர்தான், பார்த்தாலே தெரியும்.
அந்த நோட்டு வந்த வழியே திரும்பிப் போய்
எந்தக் கூண்டின் பூட்டுக்கு எண்ணெய் போடும் என்று
அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
எண்பத்தேழு நடை.

ஐப்பசி மழையில்
கேத்தனூர் வாய்க்கால் பாலத்தருகே டயர் பார்க்க நிறுத்தினேன்.
காத்தாடிகளுக்குக் கீழே சோளத்தட்டிலிருந்து
வந்தாள் பதினாலு.
ஈத்து நின்றுபோய்விட்டது போல, இறக்கிவிட்டிருக்கிறார்கள்.
முலைகள் கிழிந்த பை மாதிரி தரையைத் தொட்டன.
சேற்றில் நடக்கவில்லை அவள்.
ஒவ்வொரு விரலாகத் தூக்கித் தூக்கி வைத்தாள்,
கம்பிக்கு நடுவில் ஓட்டை இருக்குமே, அப்படி.

என்னைக் கடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.
கடித்திருந்தால் தேவலை.
என்னைத் தாண்டிப் போனாள்.
முன்னங்கால் இரண்டையும் பின்கதவில் ஊன்றிக்கொண்டு
காலித் தட்டுகளை மோந்தாள்.
முதல் தட்டு. இரண்டாவது. மூன்றாவதில் வெகுநேரம்.
என் வண்டிச் சத்தம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று
அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

கருணாம்பிகை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறவள்.
சாயப்பட்டறைக்குப் பின்னால் இரண்டரை செண்டு,
மேலே தகரம், உள்ளே பத்தொன்பது நாய்:
லாரி ஏறினது, சொறி பிடித்தது,
காலி செய்த வீட்டின் கேட்டுக்கு முன்னால்
மூன்று நாள் உட்கார்ந்திருந்தது.
ரேசன் அரிசியில் கோழிக்கழுத்து போட்டுக் காய்ச்சுவாள்,
படுக்கக் கட்டிங் வேஸ்ட்டு.
"பதினாலுங்களா? நாய்க்கு என்னத்துக்குங்க நம்பரு?"
நூல் வெட்டுகிற ட்ரிம்மரால்
கயிற்றை ஒரே வெட்டு.
தகரம் விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை.

நான் நடை எழுதின நோட்டை
அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்.
தேதி, எண்ணிக்கை, கழித்தது, எல்லாம் என் கையெழுத்து.
"நீயும்தான் மாட்டுவே" என்றார்.
தெரியுங்க என்றேன்.
செட்டுக்கு இப்போது சீல்.
வேறெங்கோ வேறொரு செட்டுக்குக் கூண்டு ஏறிக்கொண்டிருக்கும்.
மச்சினன் நேற்றுக்கூடக் கேட்டான்:
"சாதிக்குட்டி ஒண்ணு, ரேட்டு பேசிக் குடுங்க."
கருணாம்பிகை வீட்டுக்கு வழி சொன்னேன்.
இன்னும் வரவில்லை.

தினமும் சாயந்திரம் வண்டி போய் நின்றால்
அவள் வருவாள்.
பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன்.
மோந்து முடிக்கும்வரை எனக்கு வேறு வேலையில்லை.

போன வாரம் குண்டடம் சந்தைக்கு வெளியே
சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள்,
நாட்டுக்குட்டி நாலு, கண் திறக்காதவை.
அதே தட்டில்தான் கொண்டுவந்தேன், வேறு இல்லை.

முதல் தட்டு. இரண்டாவது.
மூன்றாவதில் நின்றாள்.
அவளுடையது இல்லை.
அது அவளுக்கும் தெரியும்.
காதை மட்டும் முன்னால் மடக்கிக்கொண்டு
நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

மழை தூற ஆரம்பித்தது.
கதவை நான் மூடவில்லை.